‘குட்டி முதலாளி’யும் கோடிகளின் முதலாளியும்

சென்ற மாதம் தில்லியில் எங்கள் பகுதிக் கிளையின் கூட்டம் நடந்தது. நகல் தீர்மானம் ஒன்றின் மீது விவாதம். சில்லறை வணிகத்தில் ஏகபோக மூலதனம் நுழைவதைக் கண்டிக்கும் பத்தி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது தேநீர் வந்தது. உடன் கொறிப்பதற்கு எதுவும் இல்லை. இளந்தோழர் ஒருவர் கைபேசியை எடுத்துச் சில முறை விரலால் தொட்டார். அந்தப் பத்தியின் மீது இரண்டு பேர் பேசி முடிப்பதற்குள் பிஸ்கட் பொட்டலங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்த இளைஞர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே பையைக் கொடுத்துவிட்டு, கைபேசியைப் பார்த்தபடி படியிறங்கி ஓடினார். யாருக்கும் இதில் முரண் எதுவும் தென்படவில்லை. எனக்கும் வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அந்தத் தோழரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் வேறு எங்கே போயிருக்க முடியும்? அலுவலகத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு மளிகைக் கடை இருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் கூட்டங்களுக்கான பாலும் சர்க்கரையும் அங்கிருந்துதான் வந்தன. மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்த்துப் பணம் கொடுப்போம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, அரசு கைவிட்ட புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றுக்கு மாவும் பருப்பும் கிடைத்ததும் அதே நோட்டின் பக்கங்களில்தான். அந்தக் கடை ஈராண்டுகளுக்கு முன் மூடப்பட்டது. எங்கள் கிளை அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்றைய கூட்டத்தில் மூன்று கருத்துகள் எழுந்தன. ‘சிறு வணிகம் வரலாற்றால் கைவிடப்பட்டது, பெருவீத மூலதனத்தின் முன் அது அழிந்தே தீரும், அதற்காக நாம் ஏன் அழ வேண்டும்?’ என்றார் ஒரு தோழர். ‘பெரிய கடைகளில் விலை மலிவு, தொழிலாளி குடும்பத்துக்கு அது நன்மைதானே?’ என்றார் மற்றொருவர். ‘கடைக்காரர்கள் கடைப் பையன்களைச் சுரண்டுகிறவர்கள், தேர்தலில் வாக்களிப்பதோ வகுப்புவாதிகளுக்கு’ என்றார் மூன்றாமவர். இம்மூன்றும் அந்தக் கூட்டத்தில் மட்டும் எழுந்தவை அல்ல; நம் அணிகளுக்குள் வெளிப்படையாகவும் மௌனமாகவும் உலவுகிறவை. இவற்றுக்கு விடை சொல்லாமல் தீர்மானத்தை மட்டும் நிறைவேற்றினால், அது கோப்பில் கிடக்கும். பிஸ்கட் பத்து நிமிடத்தில் வந்துகொண்டிருக்கும்.

ஒரு சொல்லின் பிழை

முதல் கருத்தில் என் பங்கும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்சி ஆவணங்களைத் தமிழாக்கி வருகிறேன். ‘பெட்டி பூர்ஷ்வா’ என்ற கலைச்சொல் வரும் இடங்களிலெல்லாம் ‘குட்டி முதலாளி’ என்றே எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னிருந்தோரும் அவ்வாறே எழுதினர். அச்சொல்லை இன்று திரும்பிப் பார்க்கிறேன். ‘குட்டி’ என்பது தமிழில் அளவை மட்டும் குறிப்பதன்று, வயதையும் குறிப்பது. தொல்காப்பிய மரபியல் அதனை இளமைப் பெயர்களுள் ஒன்றாகவே வைக்கிறது. குட்டி என்றால் வளரப் போவது. புலிக்குட்டி புலியாகும். ‘குட்டி முதலாளி’ என்று கேட்கும் தோழரின் மனத்தில், இன்று சிறியவராக இருக்கும் இந்தச் சுரண்டல்காரர் நாளை பெரியவராவார் என்ற சித்திரம் எழுந்தால் அது அவர் பிழை அன்று.

ஆனால் பெட்டிக்கடை வளர்ந்து பேரங்காடி ஆவதில்லை. ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் முறைசாரா நிறுவனங்களைப் பற்றி நடத்திய 2023-24ஆம் ஆண்டின் ஆய்வு, வேளாண்மைக்கு வெளியே இத்தகைய நிறுவனங்கள் நாட்டில் 7 கோடிக்கும் அதிகம் என்றும், அவற்றில் உழைப்போர் 12 கோடிக்கும் அதிகம் என்றும் கணக்கிடுகிறது. கைத்தொழில், வணிகம், சேவை ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை கூலிக்கு ஒருவரையும் அமர்த்தாதவை. கணவன் சந்தைக்குப் போகிறார். மனைவி கடையில் அமர்கிறார். பள்ளி விட்டு வந்த பிள்ளை பொட்டலம் கட்டுகிறது. தம் உழைப்பையும் தம் குடும்பத்தின் உழைப்பையும் தாமே கரைத்துக்கொள்ளும் இந்த மனிதரை எந்த அர்த்தத்தில் முதலாளி என்கிறோம்? ஆலையில் வேலை கிடைக்காததால் கடை வைத்தவர், ஆலை மூடியதால் தள்ளுவண்டி தள்ளியவர், நிலம் போனதால் நகரத்துக்கு வந்து நடைபாதையில் கடை விரித்தவர் என்று இவர்களுடைய வரலாறு தொழிலாளி, விவசாயி வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. கடை என்பது இவர்களுக்கு மூலதனம் அன்று. வேலையின்மைக்கு மாற்றாகத் தாமே தேடிக்கொண்ட வேலை.

ஏகபோகத்தின் உலகில் பெரியவரே நிலைப்பதில்லை என்பதற்குச் சான்றுகள் கண்முன் உள்ளன. 2001இல் தொடங்கி நாடெங்கும் பரவிய பிக் பஜார், கடன் சுமையில் சிக்கியது. 2022இல் அதன் கடைகள் பலவற்றை ரிலையன்ஸ் தன்வசப்படுத்தியது. 1997இல் சென்னையில் தோன்றிய சுபிக்ஷா, சுமார் 1,600 கடைகளாகப் பெருகி, 2009இல் ஒட்டுமொத்தமாகக் கவிழ்ந்தது. அது தெருவுக்குள் வந்தபோது சிறு கடைகளின் வாடிக்கை போயிற்று. அது போனபோது அதன் ஊழியர்களின் சம்பளம் போயிற்று.

இனி, மூலதனத்தின் குவியலுக்குச் சிறு உடைமை பலியாகும் என்று மார்க்சும் ஏங்கெல்சும் கம்யூனிஸ்ட் அறிக்கையில் கூறவில்லையா என்று கேட்கலாம். கூறினர். சிறு கடைக்காரர்கள் தொழிலாளி வர்க்கத்தின் வரிசைக்குள் தள்ளப்படுவர் என்றனர். அவர்கள் தம் பழைய நிலையைக் காத்துக்கொள்ள மட்டுமே போராடினால் அப்போராட்டம் பின்னோக்கியதாகும் என்றும் எச்சரித்தனர். ஆனால் நோயைக் கண்டறிவது வேறு, நோயாளியின் மூச்சை அடைப்பது வேறு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் விவசாயிகள் பிரச்சினை குறித்து 1894இல் எழுதிய ஏங்கெல்ஸ், சிறு விவசாயியின் வீழ்ச்சியை முன்னுணர்ந்தாலும் அதை விரைவுபடுத்தும் வேலை நம்முடையதன்று என்று தெளிவுபடுத்தினார். எடுத்துக்காட்டாலும் சமூக உதவியாலும் அவர்களைக் கூட்டுறவுக்குக் கொண்டுவருவதே பாட்டாளி வர்க்கக் கட்சியின் கடமை என்பது அவர் நிலை. பாதி மேற்கோளைச் சொல்லி மீதிக் கடமையைத் தட்டிக்கழிப்பது மார்க்சியம் ஆகாது.

இயல்பான மரணம் அன்று

‘வரலாறு கைவிட்டது’ என்ற சொற்றொடருக்குள் மற்றொரு பொய் ஒளிந்துள்ளது. சிறு கடைகள் ஏதோ இயற்கை விதியால் உதிர்கின்றன என்ற தோற்றத்தை அது தருகிறது. உண்மையில் ஒவ்வோர் அடியும் ஆணையாகவும் அறிவிக்கையாகவும் இறங்கியது.

தில்லி வாசிகள் 2006ஐ மறந்திருக்க முடியாது. குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய கடைகளுக்கு முத்திரை வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான கடைகள் அடைபட்டன. செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த போராட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு உயிர்கள் பலியாயின. அதே ஆண்டில், வசந்த் குஞ்ச் பகுதியில் சுற்றுச்சூழல் ஆட்சேபங்களுக்கு உள்ளான பெரும் வணிக வளாகங்கள் தொடர்ந்து எழுவதற்கு அதே நீதிமன்றம் வழிவிட்டது. ஒரு பக்கம் முத்திரை, மறுபக்கம் அனுமதி. இதற்குச் சந்தைப் போட்டி என்றா பெயர்?

2011 நவம்பரில், பலவகைப் பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு அன்றைய காங்கிரஸ் தலைமையிலான அரசு முடிவெடுத்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் நிறுத்திவைத்தது. 2012 செப்டம்பரில் மீண்டும் கொண்டுவந்தது. செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. டிசம்பர் 5 அன்று மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தபோது, அரசுக்கு ஆதரவாக 253, எதிராக 218. அந்த எதிர்ப்புத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பாரதிய ஜனதாவின் சுஷ்மா சுவராஜ். 2014 தேர்தல் அறிக்கையிலும், பலவகைப் பொருள் சில்லறை வணிகம் நீங்கலாகத்தான் அந்நிய முதலீட்டை வரவேற்போம் என்றே அக்கட்சி எழுதியது.

பிறகு நடந்தது என்ன? 2012இன் அந்தக் கொள்கை இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. 2016இல், உள்நாட்டில் உற்பத்தியாகும் உணவுப் பொருள் வணிகத்தில் 100 சதவீத அந்நிய முதலீடு திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பண மதிப்பிழப்பு; அடுத்த ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி. ரொக்கத்தில் ஓடிய கடைகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வேளையில், 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை வாங்கியது. முன்வாசலில் நிறுத்தப்பட்ட அதே வால்மார்ட்தான் கைபேசியின் வழியாக வீட்டுக்குள் வந்தது.

இணைய வணிகத்தில் அந்நிய மூலதனம் சந்தைமேடையாக மட்டுமே இருக்கலாம், தானே சரக்கை வைத்து விற்கக் கூடாது என்பது விதி. 2016இலும் 2018 டிசம்பரிலும் வெளியான பத்திரிகைக் குறிப்புகள் அதையே சொல்கின்றன. அவற்றின் கதி என்ன? அமேசான், ஃபிளிப்கார்ட் நிறுவனங்கள் தமக்கு வேண்டிய விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டுகின்றன என்ற தில்லி வணிகர் அமைப்பின் புகார் மீது 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் விசாரணைக்கு ஆணையிட்டது. அதற்கு எதிராக அந்நிறுவனங்கள் நீதிமன்றங்களின் படியேறின. விதிமீறல் நடந்தது என்று விசாரணைப் பிரிவின் அறிக்கை கூறுவதாக 2024இல்தான் செய்தி வெளிவந்தது. விசாரணை ஊர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் எத்தனை கடைகளின் கதவுகள் கடைசி முறையாக இறக்கப்பட்டன!

2024 ஆகஸ்டில் ஒன்றிய வணிக அமைச்சர் பியூஷ் கோயல், இணைய வணிகத்தின் வளர்ச்சி பெருமைக்குரியதன்று, கவலைக்குரியது என்று பேசினார். அந்நிய நிறுவனம் கொண்டுவரும் கோடிகள் விலையைக் குறைத்து விற்ற நட்டத்தை ஈடுகட்டவே வருகின்றன என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் இதைச் சொல்பவர் எதிர்க்கட்சி உறுப்பினர் அல்லர். சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர். 2020 மே மாதம் பிரதமர் ‘உள்ளூர்ப் பொருளுக்குக் குரல் கொடுங்கள்’ என்று மக்களுக்கு உபதேசம் செய்தார். அதற்கு முந்தைய மாதம்தான் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவில் ஏறத்தாழ பத்து சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. வாட்ஸ்அப்பையும் ஜியோமார்ட்டையும் இணைத்துத் தெருக்கடையைத் தம் வலைக்குள் கொண்டுவருவதே நோக்கம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

‘அந்நியன் கெட்டவன், சுதேசி நல்லவன்’ என்ற சங்கப் பரிவாரத்தின் முழக்கம் இங்கேதான் கந்தலாகிறது. ரிலையன்ஸின் சில்லறைப் பிரிவு 18,000க்கும் மேற்பட்ட கடைகளை நடத்துகிறது. ஜெர்மன் நிறுவனமான மெட்ரோவின் இந்திய மொத்த விற்பனைக் கிடங்குகளையும் 2,850 கோடி ரூபாய்க்கு அது வாங்கிவிட்டது. சிறு கடைக்காரரோடு போட்டியிடுபவரும் அவருக்குச் சரக்குத் தருபவரும் ஒருவரே என்றால் கடைக்காரரின் சுதந்திரம் எங்கே இருக்கும்? பிளிங்கிட்டின் தாய் நிறுவனம், 2025இல் தன்னிடமுள்ள அந்நியப் பங்குக்கு 49.5 சதவீதம் என உச்சவரம்பு விதித்துக்கொண்டது. ‘இந்தியருக்குச் சொந்தமானது’ என்ற தகுதி கிடைத்தால் தானே சரக்கு வைத்து விற்கலாம் என்பதே அதன் பயன். அரை சதவீத இடைவெளியில் நிற்கிறது சுதேசி! நமது கோடு அந்நியர், சுதேசியர் என்று கிழிக்கப்படுவதன்று. ஏகபோகத்துக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடையில் கிழிக்கப்படுவது.

மலிவு என்னும் தூண்டில்

விலை மலிவு என்ற இரண்டாவது வாதத்தை ஏளனம் செய்யக் கூடாது. மாதம் பன்னிரண்டாயிரம் ஈட்டும் குடும்பத்துக்கு எண்ணெயில் பத்து ரூபாய் குறைவது பெரிய காரியம். ஆனால் அந்தப் பத்து ரூபாயை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது நம் கடமை.

முதலில், அதைக் கொடுப்பது சிறு கடைக்காரரே. பெரிய நிறுவனங்கள், சங்கிலிக் கடைகளுக்கும் இணையதளங்களுக்கும் ஒரு விலையிலும், விநியோகஸ்தர் வழியாகத் தெருக்கடைக்கு மற்றொரு விலையிலும் சரக்குத் தருகின்றன. எங்கள் சந்தின் கடைக்காரர் ஒருமுறை தம் கொள்முதல் ரசீதையும் கைபேசியில் காட்டிய விற்பனை விலையையும் அருகருகே வைத்துக் காட்டினார். அவர் வாங்கும் விலையைவிட அவர்கள் விற்கும் விலை குறைவாக இருந்தது. இது அவர் ஒருவரின் அனுபவம் அன்று. இதே பாரபட்சத்தை எதிர்த்து நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் சில பொருட்களின் விநியோகத்தையே நிறுத்திப் போராடியது. அதே அமைப்பு, ஓராண்டில் சுமார் இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக 2024இல் கூறியது. விரைவு வணிக நிறுவனங்களின் விலைகளை விசாரிக்கக் கோரிப் போட்டி ஆணையத்திடமும் அது முறையிட்டது.

அடுத்து, அதைக் கொடுப்பது நிதி மூலதனம். தர்மத்துக்காக அன்று. இன்று நட்டத்துக்கு விற்றுப் போட்டியாளரை அகற்றி, நாளை விலையைத் தானே நிர்ணயிப்பதற்காக. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இத்தகைய கொள்ளை விலையைத் தடைசெய்கிறதே என்று கேட்கலாம். அச்சட்டம் ‘ஆதிக்க நிலை’யில் உள்ள நிறுவனத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். நான்கு பெரிய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் கோடிகளை எரித்து, தமக்குள் போட்டியிட்டவாறே கீழே உள்ளவர்களை நசுக்கினால், அவற்றுள் எதுவும் தனியாக ஆதிக்க நிலையில் இல்லை என்று சட்டம் கைவிரிக்கும். நால்வரும் சேர்ந்து மிதித்தால் மிதித்தவர் ஒருவரும் இல்லை!

மூன்றாவதாக, அதைக் கொடுப்பவர் விவசாயி. சில வாங்குவோர் மட்டுமே உள்ள சந்தையில், விற்போர் கோடிக்கணக்கில் நின்றால் விலை யார் கையில் இருக்கும்? மூன்று வேளாண் சட்டங்களின் உட்பொருள் இதுவே. மண்டிகளுக்கு வெளியே கொள்முதல், ஒப்பந்தச் சாகுபடி, இருப்பு வரம்பு நீக்கம் ஆகிய மூன்றும் பெருநிறுவனச் சில்லறை வணிகத்துக்குப் போட்ட பாதைகள். அதை விவசாயிகள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டனர். 2020இல் பஞ்சாபில் அவர்கள் முற்றுகையிட்டது அரசு அலுவலகங்களை மட்டும் அன்று. ரிலையன்ஸ் பெட்ரோல் நிலையங்களையும் பட்டிண்டாவில் வால்மார்ட்டின் மொத்த விற்பனைக் கடையையும்கூட. சிங்குவிலும் திக்ரியிலும் ஓராண்டுக்கும் மேல் அவர்கள் அமர்ந்திருந்தபோது, கடையடைப்பு அழைப்புகளுக்குச் சிறுநகரக் கடைவீதிகள் கதவடைத்துத் துணைநின்றன. ‘வகுப்புவாதிகளுக்கு வாக்களிப்போர்’ என்று நாம் கைகழுவும் அதே கடைவீதிகள்தாம். மக்கள் தம் அனுபவத்தால் இடம் மாறுகிறார்கள். அந்த நேரத்தில் அருகில் யார் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

கடைப் பையனின் கேள்வி

மூன்றாவது கருத்தே கனமானது. அதற்கு விடை சொல்லாமல் நகர நமக்கு உரிமை இல்லை.

எங்கள் சந்துக் கடையில் தர்பங்காவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை நின்றார். கடையின் பரணில் உறங்கினார். குறைந்தபட்ச ஊதியம் என்ற சொல்லையே அவர் கேட்டிருக்கமாட்டார். தில்லி கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அந்தப் பரணுக்கு அது ஏறியதில்லை. இருபது ஆண்டுகளாக அதே கடையில் பால் வாங்கிய நாங்களும் அந்தப் பரணைப் பற்றிக் கேட்டதில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடை மூடிய பின் அவர், வாசலற்ற கிடங்கு ஒன்றில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ‘டார்க் ஸ்டோர்’ என்று அந்நிறுவனங்களே பெயரிட்டிருக்கின்றன. சில வாரங்களுக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் வருவது முன்பைவிடச் சற்று அதிகம் என்றார். ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் ஒவ்வொரு பொருளையும் எடுக்க எத்தனை விநாடி என்று கைபேசி அளக்கிறது. தாமதமானால் பணம் பிடிக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வேறு, கிடங்கு வேறு, நிறுவனம் வேறு. ‘அங்கிள், லாலாவிடம் சண்டை போட்டிருக்கிறேன், இரண்டு முறை சம்பளமும் கூட்டியிருக்கிறார். இங்கே யாரிடம் போய்ச் சண்டை போடுவது?’ என்று கேட்டார். அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை.

பெருங்கடை வந்தால் தொழிலாளிக்கு நல்வாழ்வு என்பது கட்டுக்கதை. கேரளத்தின் பெரிய துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்க வைக்கப்பட்ட பெண்கள் போராடியதால்தான் 2018இல் அம்மாநிலம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் அதைப் பின்பற்றியது. பளபளப்பான கடைகளில் ஒரு முக்காலிக்காகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. விநியோகத் தொழிலாளியையோ ‘கூட்டாளி’ என்று அழைத்து, தொழிலாளி என்ற பெயரையே பறித்துக்கொள்கிறார்கள். பரணில் கிடந்த சுரண்டல் கிடங்குக்கு மாறியதே தவிர ஒழியவில்லை. ஒரு வேற்றுமை: கடைக்காரரிடம் இருந்தது லாபத்தின் ஒரு சிறு துண்டு, கிடங்கின் உரிமையாளரிடம் இருப்பது சந்தை முழுவதும்.

ஆகவே சிறு வணிகரை ஆதரிப்பது என்றால், கடைப் பையனின் மேல் கால்வைத்து நின்று ஆதரிப்பதன்று. ‘ஏகபோகத்துக்கு எதிராக உங்களோடு நிற்போம், உங்கள் கடையில் வேலை செய்பவரின் எட்டு மணி நேரத்துக்கும் ஊதியத்துக்கும் உங்களிடமே நிற்போம்’ என்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு வேண்டும். இது முடியாததன்று. கேரளம் 2006ஆம் ஆண்டிலேயே கடை, வணிக நிறுவனத் தொழிலாளருக்கு நலநிதிச் சட்டம் இயற்றியது. சுமையைச் சிறு கடைக்காரரின் தலையில் மட்டும் ஏற்றாமல், பெருநிறுவனங்களின் மீது விதிக்கும் வரியிலிருந்து அந்த நிதிக்குப் பங்கு கேட்கலாம், கேட்க வேண்டும்.

வாங்குவோரின் மனச்சாட்சி போதுமா?

இன்னொரு பக்கத்திலிருந்து ஓர் உபதேசம் வருகிறது: ‘பெரிய கடைக்குப் போகாதீர்கள், பக்கத்துக் கடையில் வாங்குங்கள், உலகம் திருந்திவிடும்.’ நல்லெண்ணம்தான். நானும் அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் அதை அரசியல் என்று நம்பிவிடக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து இரண்டு பேருந்து மாறி வரும் பெண் தொழிலாளியிடம், திறந்திருக்கும் ஒரே வழியை அடைத்துவிட்டு ஒழுக்கம் போதிப்பது நம் வேலை அன்று. தனித்தனி வாங்குவோரின் மனச்சாட்சியால் ஏகபோகம் வீழ்ந்ததாக வரலாறு இல்லை. சட்டமும் அமைப்பும் போராட்டமுமே அதைத் தடுத்திருக்கின்றன.

முதலாளித்துவத்தின் தாய்நாடுகளே இதற்குச் சாட்சி. பெரிய கடைக்கு ஒரு விலை, சிறிய கடைக்கு ஒரு விலை என்று சரக்குத் தருவதைத் தடுக்க அமெரிக்கா 1936இலேயே ராபின்சன்-பேட்மன் சட்டத்தை இயற்றியது. பெருங்கடை திறக்க உள்ளூர் ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்று பிரான்ஸ் 1973இல் ருவாயே சட்டத்தின் வழியே விதித்தது. வாஷிங்டனும் பாரீசும் செய்ததைக்கூடத் தில்லி செய்ய மறுப்பது ஏன் என்று கேட்பதில் புரட்சிகரம் எதுவும் இல்லை. அதைக்கூடக் கேட்காமல் இருப்பதே வெட்கம்.

நமக்கு நம் சொந்த மரபும் உண்டு. 1950களில் காபி வாரியம் தன் காபி நிலையங்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்களைத் திரட்டி, ‘நீங்களே நடத்துங்கள்’ என்று வழிகாட்டியவர் ஏ.கே.கோபாலன். 1957இல் பெங்களூரிலும் தில்லியிலும் தொடங்கிய இந்தியன் காபி ஹவுஸ் கூட்டுறவுகள், தனி முதலாளி இல்லாமல், பரிமாறுபவரே உறுப்பினராக, இன்றும் நடக்கின்றன. சென்னையின் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தோன்றியது. உழவர் சந்தை 1999இல் மதுரையில் திறக்கப்பட்டது. ஏங்கெல்ஸ் சொன்ன ‘எடுத்துக்காட்டு’ நம் கண்முன்னே இருக்கிறது. நாம்தான் அதை நினைவுச் சின்னமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எதைக் கேட்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும்

கோரிக்கைகள் தெளிவானவை. 2012இன் 51 சதவீதக் கொள்கையைத் திரும்பப் பெற வேண்டும். இணைய வணிகக் கட்டுப்பாடுகள் பத்திரிகைக் குறிப்பாக இல்லாமல் சட்டமாக வேண்டும். அந்நியமோ சுதேசியோ, ஏகபோகம் அனைத்துக்கும் அது பொருந்த வேண்டும். ஒரே சரக்குக்கு ஒரே கொள்முதல் விலை என்பதும், அடக்க விலைக்குக் கீழே விற்பதற்குத் தடையும் போட்டிச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். கிடங்குகளுக்கும் பெருங்கடைகளுக்கும் உள்ளாட்சியின் உரிமம் கட்டாயமாக வேண்டும். சிறு கடைகள் கூட்டாகக் கொள்முதல் செய்யக் கூட்டுறவுகளும் அவற்றுக்கு வங்கிக் கடனும் வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுக்களில் 40 சதவீத இடத்தைத் தெரு வணிகர்களின் பிரதிநிதிகளுக்கு அளிக்கிறது. அக்குழுக்கள் எங்கும் அமைந்து உண்மையில் கூட வேண்டும். பொது விநியோகம் அனைவருக்கும் விரிய வேண்டும். மலிவு என்னும் தூண்டிலுக்கு அதுவே மாற்று. கடை ஊழியருக்கும் கிடங்குத் தொழிலாளிக்கும் விநியோகத் தொழிலாளிக்கும் தொழிலாளி என்ற தகுதியும் ஊதியமும் காப்பீடும் வேண்டும்.

இவற்றை மாநாட்டு மேடையில் வாசிப்பது எளிது. தொடக்கம் கிளையில்தான். ஒவ்வொரு கிளையும் தன் வட்டத்தில் ஐந்தாண்டுகளில் மூடப்பட்ட கடைகளைக் கணக்கெடுக்கட்டும். மூடியவர் எங்கே போனார், அவரிடம் வேலை செய்தவர் எங்கே போனார் என்று கேட்டு எழுதட்டும். கடைக்காரரையும் கடை ஊழியரையும் விநியோகத் தொழிலாளியையும் ஒரே அறையில் அமரவைத்து ஒரு கூட்டம் நடத்தட்டும். அந்த அறையில் சண்டை வரும், வரட்டும். கடைக்காரரும் ஊழியரும் தம் கணக்கை முகத்துக்கு முகம் பேசித் தீர்த்துக்கொள்ள முடியும். மூவரையும் பிழியும் நிறுவனத்துக்கு முகம் இல்லை. அதனிடம் கணக்குக் கேட்க மூவரும் சேர்ந்தே போக வேண்டும். தர்பங்கா இளைஞரின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். அடுத்த ஆவணத்தில் அந்தச் சொல் வரும்போது ‘குட்டி முதலாளி’ என்று எழுதப் போவதில்லை. ‘சிறு உடைமையாளர்’ என்று எழுதுவேன். வேறு நல்ல சொல் தோழர்களிடம் இருந்தால் அதையும் ஏற்பேன். சொல்லைத் திருத்துவது என் வேலை. எங்கள் சந்தில் இன்னும் இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன. அவை மூடும் முன் அங்கே போய்ப் பேசுவது கிளையின் வேலை.